சரணத்தை வெட்டாதீர்கள், பங்கை மறக்காதீர்கள்

கவிஞர் நா. முத்துக்குமார் நினைவாக இசை நிகழ்ச்சி நடத்துவோர், பாடுவோர், ஒளிபரப்புவோர், பாடல் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் ஆகியோர் முன் திரைப்பாடல் ரசிகர்கள் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

காஞ்சிபுரத்தை அடுத்த கன்னிகாபுரத்தில் 1975-இல் பிறந்து, பாலுமகேந்திராவிடம் உதவி இயக்குநராக இருந்து, பாட்டெழுத வந்த முத்துக்குமார் 2016 ஆகஸ்ட் 14 அன்று 41 வயதில் மறைந்தார். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். 'தங்க மீன்கள்', 'சைவம்' படங்களுக்காக அடுத்தடுத்து இரண்டு தேசிய விருதுகள். அவரது ஐம்பதாம் பிறந்தநாளையொட்டி 2025 ஜூலையில் சென்னையில் 'ஆனந்த யாழை' இசை விழா நடந்தது. இன்னும் பல விழாக்கள் நடக்க வேண்டும். ஆனால் அவை பாட்டெழுதியவருக்கான விழாக்களாக நடக்க வேண்டும்.

முதலில், சரணங்களை வெட்டாதீர்கள். கச்சேரி மேடைகளில் பல்லவி, ஒரு சரணம், கைதட்டல், அடுத்த பாட்டு என்று ஓடுகிறார்கள். நேரம் போதாவிட்டால் நாலைந்து பல்லவிகளை ஒன்றாகக் கோத்துவிடுகிறார்கள். மெட்டைக் கொண்டாட அது போதும்; வரிகளைக் கொண்டாடப் போதாது. தகப்பனையும் மகளையும் பற்றிய 'ஆனந்த யாழை' பாட்டில் அந்தப் பாசம் முழுசாக விரிவது சரணங்களில்தான். பாட்டுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பாடுவதை முழுசாகப் பாடுங்கள். ஒரு பாட்டின் வரிகளையாவது வாத்தியங்களை நிறுத்திவிட்டு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்து, உச்சரிப்பு. 'யாழை' என்பது 'யாளை' என்று ஒலிப்பதை அவர் நினைவு மேடையில் கேட்க நாங்கள் தயாரில்லை. ஒத்திகையில் உச்சரிப்பைத் திருத்தத் தமிழறிந்த ஒருவர் உட்கார வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

பிறகு, பெயர். இலங்கை வானொலியில் படம், பாடியவர், எழுதியவர், இசை எல்லாம் சொல்லிப் பாட்டுப் போட்ட காலம் உண்டு. இன்று பல பாட்டுச் செயலிகளில் பாடலாசிரியர் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முத்துக்குமாருக்கு மட்டுமல்ல, இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் பாட்டின் பக்கத்திலேயே பெயர் இருக்க வேண்டும்.

இனி, பணம். இதைப் பேச யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அவர் எழுதிக் கொடுக்க முடியாது. மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிப்பதால், முத்துக்குமாரின் வரிகளுக்கு அது 2076 முடியும்வரை இருக்கிறது. "அஞ்சலிதானே" என்று சொல்லி உரிமக் கட்டணத்தைத் தவிர்ப்பதை ஏற்க மாட்டோம். மேடையில் குடும்பத்தாருக்குப் போர்த்தும் பொன்னாடை அந்தப் பங்குக்கு ஈடாகாது.

ஆகவே அமைப்பாளர்களே, சீட்டு விற்பனை தொடங்கும் முன்பே உரிமம் பெற்ற விவரத்தை வெளியிடுங்கள். அது வெளிவராத நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்க வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.