மலையின் குரல் மலையில் கேட்கட்டும்!

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். மலைக்கோட்டை நினைவுக்கு வரும். பிரியாணி மணமும் கூடவே வரும்.

அந்த ஊரில் இன்னொன்றும் உண்டு. பறை! அதை அடிப்பவர்கள் இளம் பெண்கள்!

"பெண் பிள்ளைகள் பறை அடிப்பதா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அப்படிக் கேட்ட ஊர்களின் நடுவிலேயே, திண்டுக்கல் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வேலையைச் செய்து வந்திருக்கிறது. அதைத் தொடங்கியவர் சிஸ்டர் சந்திரா என்ற கன்னிகாஸ்திரீ. அங்கே சேர்பவர்கள் ஏழை தலித் குடும்பங்களின் பெண்கள். பறையோடு கிராமத்து ஆட்டங்களையும் கற்கிறார்கள். பிழைப்புக்குக் கைத்தொழிலும் கற்றுத் தருகிறார்கள்.

அமெரிக்காவிலுள்ள ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியை சோயி ஷெரினியன் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு செய்திப் படமே எடுத்திருக்கிறார். அதன் பெயர் 'சக்தி வைப்ரேஷன்ஸ்'.

இழிவு எங்கே இருக்கிறது?

பறை சாதாரணக் கருவிதான். ஒரு மரச் சட்டம். அதன் மேல் இழுத்து ஒட்டிய தோல். இரண்டு குச்சிகள். ஒன்று நீண்டு மெல்லியது. மற்றது குட்டையாய்த் தடித்தது. அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டினால் தோல் விறைக்கும். நாதம் கணீர் என்று எழும்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களைச் சொல்லும்போது பறையையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்கும் பறை உண்டு. மருதத்துக்கும் உண்டு. அவ்வளவு பழமையானது!

பிறகு ஏன் அதற்கு இழிவு வந்தது? சாவு வீட்டில் அடிக்க வேண்டும் என்று ஊர் ஒரு சாதியாருக்குக் கட்டளை போட்டது. மாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்டு மனம் கொதித்த பல வாலிபர்கள் பறையைத் தூக்கி எறிந்தார்கள். "இனி அடிக்க மாட்டோம்" என்றார்கள். அதுவும் தன்மானமே. வேறு சிலரோ, "இழிவு தோலில் இல்லை. கட்டளையில்தான் இருக்கிறது" என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஏவியதற்காக அடிப்பது வேறு. விரும்பி எடுத்து, மேடை ஏறி, ஊரே பார்க்க அடிப்பது வேறு.

திண்டுக்கல் பெண்கள் இரண்டாவது வழியில் போனார்கள். "குனிந்து நட, மெல்லப் பேசு" என்று கேட்டு வளர்ந்த பெண், பறையைத் தோளில் மாட்டியதும் காலை ஊன்றி நிற்க வேண்டும். கூட்டத்தை நேரே பார்க்க வேண்டும். நூறு புத்திமதிகள் தராத தைரியத்தை இந்தப் பயிற்சி தருகிறது.

மலை மேல் என்ன நிலை?

சமவெளியில் நடந்த இந்த வேலை மலைக்கும் வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கே பழனி மலை. அங்கே வாழும் பளியர்கள் பழங்குடி மக்கள். தேன் எடுப்பார்கள். கிழங்கு தோண்டுவார்கள். இன்று பலர் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறார்கள். தலித் மக்களின் கதை வேறு. பழங்குடியினரின் கதை வேறு. ஆனால் இருவருக்கும் ஒரு குறை பொது. அவர்களைப் பற்றி எப்போதும் பிறரே பேசினார்கள். அவர்களைப் பேசவிடவில்லை.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7 லட்சத்து 94 ஆயிரம் பேர். நூற்றுக்கு ஒருவர். ஆட்கள் குறைவு என்றால் குரல் அமுங்கிப் போவது எளிது.

விழா என்றால் மலையிலிருந்து ஆட்டக்காரர்களை அழைத்து வருகிறார்கள். ஆட்டம் முடிகிறது. பொன்னாடை போர்த்துகிறார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆடியவர்கள் திரும்பிப் போகிறார்கள். படம் யாரிடம் இருக்கிறது? எடுத்தவர்களிடம்!

"இப்போதுதான் மலையிலும் செல்போன் வந்துவிட்டதே!" என்று சிலர் சொல்லலாம். வந்துவிட்டது உண்மைதான். அதன் வழியே சினிமாப் பாட்டு மலைக்கு ஏறுகிறது. மலையின் பாட்டு கீழே இறங்குகிறதா? பாட்டியின் கதையைப் பேரன் பதிவு செய்கிறானா? கருவி கையில் இருப்பது மட்டும் போதாது. "உன் கதைக்கும் மதிப்பு உண்டு" என்று சொல்லி, அதைப் பதியும் தொழிலையும் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்.

டெலிவிஷனை வேண்டாம் என்ற கிராமம்!

கானடாவின் வடகோடியில் இக்லூலிக் என்று ஒரு பனிப் பிரதேசக் கிராமம். இனுயிட் பழங்குடியினர் வாழும் ஊர். 1970-களில் அந்த ஊருக்கு டெலிவிஷன் வருவதாக இருந்தது. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு, "வேண்டாம்" என்றார்கள். ஒரு முறை அல்ல, இரண்டு முறை!

காரணம்? அதில் அவர்கள் மொழி ஒரு சொல்கூட இல்லை. இனுயிட் மக்களே நடத்தும் ஒளிபரப்பு ஏற்பட்ட பிறகுதான் அந்த ஊர் இறங்கி வந்தது.

அதே ஊரைச் சேர்ந்த ஜக்கரியாஸ் குனுக் பிறகு காமிராவைக் கையில் எடுத்தார். தம் மக்களின் பழங்கதை ஒன்றைத் தம் மொழியிலேயே 'அட்டனார்ஜுவாட்' என்ற படமாக எடுத்தார். 2001-ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த கேன்ஸ் படவிழாவில் அது பரிசு பெற்றது!

ஆஸ்திரேலியாவிலும் இப்படியே. அந்த நாட்டின் நடுவே, பாலைவனத்திலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில், 1980-ஆம் ஆண்டு ஆதிக்குடிகள் தங்கள் சொந்த ஒலிபரப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிறகு 1988-இல் டெலிவிஷன் நிலையமும் நடத்தினார்கள்.

இந்தியாவிலும் கதவு திறந்திருக்கிறது. "வான் அலை பொதுமக்கள் சொத்து" என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் வளாக வானொலி தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த வழி பிறந்தது. நீலகிரியில், கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் நிறுவனம் அப்படி ஒரு வானொலியைத் தொடங்கி, மலைவாழ் மக்களின் மொழிகளுக்கு இடம் தந்தது.

அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் மூதாட்டி நஞ்சியம்மா 2020-ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதை 2022-இல் டெல்லியில் பெற்றார். சங்கீதம் முறையாகப் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் கேட்டார்கள். காட்டில் பாடிப் பாடித் தேர்ந்த குரல்! அதற்கு வேறு என்ன முறை வேண்டும்?

பாட்டும் ஒரு சாட்சி

கலை என்றால் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடக் கூடாது. பழங்குடியினருக்கு அது நிலத்தோடு ஒட்டியது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் தலைமுறையாக வாழ்கிறோம் என்று காட்டினால் நிலத்துக்கு உரிமை கேட்கலாம். அதற்குப் பட்டாவும் பத்திரமும் மட்டுமே சான்று என்று அந்தச் சட்டத்தின் விதிகள் சொல்லவில்லை. பெரியவர்கள் சொல்லும் வாய்மொழியை எழுதிக் கொடுத்தால் அதுவும் சான்று. மூதாதையரின் இடுகாடு, சாமி இருக்கும் இடம் ஆகியவையும் சான்றே.

எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்தச் சுனையில் எந்தச் சாமி என்பதெல்லாம் முதியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் கண்ணை மூடினால் அந்த நினைவும் போய்விடும். இன்று ஒரு பேத்தி அதைக் கேட்டுப் பதிந்து வைத்தால், நாளை அந்தக் குடும்பத்தின் வழக்குக்கு அது துணை நிற்கும்.

வயிறு நிறையுமா?

"பாட்டும் படமும் சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கலையைக் கொடுத்துவிட்டுப் பட்டினியை விட்டுவைத்தால் அது ஏமாற்று. அதனால்தான் திண்டுக்கல் சக்தி மையம் பறையோடு பிழைப்புக்கான பயிற்சியையும் சேர்த்தது. மலையிலும் அப்படியே செய்ய வேண்டும். படம் எடுக்கவும், ஒலிப்பதிவு செய்யவும், எழுதவும் தெரிந்த பிள்ளைக்கு அந்த வேலைக்குரிய கூலி கிடைக்க வேண்டும்.

மூன்று நாள் முகாம் நடத்திவிட்டுக் காமிராவைத் திரும்ப எடுத்துப் போவதால் பயன் இல்லை. கருவி ஊரிலேயே இருக்க வேண்டும். பழுது பார்க்கவும் அங்கேயே ஒருவருக்குத் தெரிய வேண்டும். எடுத்த படத்தின் ஒரு பிரதி ஊருக்குச் சொந்தமாக வேண்டும். சாமிப் பாட்டுகளில் வெளியார் கேட்கக்கூடாதவை உண்டு. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அந்த ஊர்ப் பெரியவர்களே சொல்லட்டும்.

இதற்கு ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், சின்னாளபட்டி அருகே காந்திகிராமம் இருக்கிறது. 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் கிராமத் தொண்டுக்காகவே தொடங்கிய இடம். 1976-இல் அது பல்கலைக்கழக அந்தஸ்தும் பெற்றது. பறை பயின்ற பெண்களும் இருக்கிறார்கள். படித்தவர்களும், கலை பயின்றவர்களும் கைகோத்து மலை ஏறினால் போதும். அவர்கள் அங்கே ஆசிரியர்களாக மட்டும் போகக் கூடாது. மலைப் பாட்டைக் கற்கும் மாணவர்களாகவும் போக வேண்டும்.

திண்டுக்கல்லில் அடுத்த விழா வரும். மலைப் பிள்ளைகளுக்கு அழைப்பும் போகும். அன்று அவர்கள் ஆடுவதோடு நிற்க வேண்டாம். அவர்களே எடுத்த படத்தையும் அந்த மேடையில் காட்டட்டும். முன் வரிசை நாற்காலிகளில் அவர்களுடைய பாட்டன் பாட்டிகள் உட்கார்ந்து பார்க்கட்டும்!