பேப்பர் போடும் முன்

ராஜபாளையத்தை அடுத்த சேத்தூர்ப் பக்கம் மில் வேலையை விட்டவர் 'நின்னுட்டேன்' என்பார். சென்னையில் ஐடி வேலையை விட்டுவிட்டு வரும் அவர் மகன் 'பேப்பர் போட்டுட்டேன்' என்கிறான். இரண்டும் ஒன்றுதானே என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். இல்லை.

அப்பா நின்றபோது அடுத்த மில் ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில்தான் இருந்தது. ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் தொடங்கப்பட்ட பிறகு இந்த வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. தொழில் தெரிந்தவர் வாசலில் போய் விசாரிப்பார். 'நாளைக்கு வா' என்றால் நாளைக்கே வேலை. மகனுக்கு வருவது ஆஃபர் லெட்டர். சேரும் தேதி அதில் இருக்கும். அந்தத் தேதியில் கதவு திறக்குமா என்பது வேறு விஷயம்.

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. அனுபவமுள்ள சுமார் 600 பேர் ஆஃபரை நம்பிப் பழைய வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பதாக 'நைட்ஸ்' என்ற ஐடி ஊழியர் அமைப்பு மத்தியத் தொழிலாளர் அமைச்சருக்கு எழுதியது. கொடுத்த ஆஃபர்களை மதிப்போம் என்றது நிறுவனம். அதே மாதக் கடைசியில், பணியாளர்களில் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோர் குறைக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. நாட்டின் மிகப் பெரிய ஐடி நிறுவனத்திலேயே கதை இது. கையில் கடிதம் இருந்தவர்களின் பாடு இப்படியென்றால், கடிதமே இல்லாமல் விட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் இவர்களை அவசரக்காரர்கள் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. பல ஐடி நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள். புதிதாக எடுப்பவரோ 15 நாளில், மிஞ்சினால் 30 நாளில் வரச் சொல்கிறார். மூன்று மாதம் கழித்து வருகிறேன் என்பவனை இன்டர்வியூவுக்கே கூப்பிடுவதில்லை. அதனால் முதலில் பேப்பரைப் போட்டுவிட்டு, ஓடும் நோட்டீஸைக் காட்டி வேலை தேடுகிறார்கள். 90 நாளைத் தங்கள் ஊழியருக்கு விதித்துவிட்டு, அடுத்தவன் ஊழியரை உடனே வரச் சொல்லும் நிறுவனங்கள்தான் இந்தச் சூதாட்டத்தை உருவாக்கியவை. இதைச் சட்டம் கேட்க வேண்டும், இதுவரை கேட்கவில்லை.

சட்டம் கேட்பது வேறொன்றை: நீயாக விட்டாயா, அவர்கள் நீக்கினார்களா? ஓராண்டு வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடு உண்டு. மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமையும் உண்டு. ராஜினாமா செய்தவருக்கு இரண்டும் கிடையாது. இஎஸ்ஐயின் வேலையின்மை உதவித் திட்டமான ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவும் ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலை இழந்தவருக்குத்தான். 'நீயே எழுதிக் கொடுத்துவிடு, உன் பெயர் கெடாது' என்று எச்ஆர் இனிக்க இனிக்கப் பேசுவது ஏன் என்று இப்போது புரியும்.

பிஎஃப் பணம் இருக்கிறதே என்பார்கள். முழுத் தொகையையும் எடுக்க வேலையில்லாமல் இரண்டு மாதம் இருந்தால் போதும் என்றிருந்த காலத்தைப் பன்னிரண்டு மாதமாக்க 2025 அக்டோபரில் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. முக்கால் பங்கை உடனே எடுக்கலாம். மூன்று வருடச் சேமிப்பில் முக்கால் பங்கு, சென்னை வாடகைக்கும் வண்டித் தவணைக்கும் எத்தனை மாதம் வரும்?

சேத்தூருக்குத் திரும்பினால் வாடகை இல்லை, ரேஷன் அரிசி இருக்கிறது, உண்மைதான். ஆனால் படிப்புக் கடனுக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போகும். வேலை நாளில் தெருவில் பார்ப்பவர்கள், 'என்னப்பா, லீவா?' என்பார்கள். முதல் வாரம் அது விசாரிப்பு. இரண்டாவது மாதம் அதற்குப் பயந்தே பையன் வெளியே வரமாட்டான். கிடைத்த சம்பளத்துக்குத் தலையாட்டிவிடுவான்.

ஏற்கெனவே கடிதம் கொடுத்துவிட்டவர்களுக்கு ஒரு செய்தி. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, 1977 ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக மே மாதம் எழுதினார். ஜூலை 15-ல் அதைத் திரும்பப் பெற்றார். அப்படித் திரும்பப் பெற்றது செல்லும் என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருடையது அரசியல் சாசனப் பதவி. தனியார் வேலையில் பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எதுவானாலும், புதிய இடம் இழுத்தடித்தால் கடைசி நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் கொடுங்கள், இன்றைக்கே.