துரோகிகள் எண்மர்

சென்ற கிழமை, முன்னாளில் நம்மிடம் பயின்ற ஒருவர் வீடு தேடி வந்தார். யாழ்ப்பாணத்தில் அச்சகம் நடத்துகின்றார். இரண்டு பேருடன் தொடங்கிய தொழில் இன்று பதினைந்து குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றது. அண்மையிற் புதிய யந்திரமொன்றும் வாங்கியிருக்கின்றார். ஆயினும் வந்தவர் முகத்திலே களையில்லை.

"என்னிடமிருந்த திறமான பையன் போய்விட்டான், சேர். சம்பளம் கூட்டினேன், தீபாவளிக்கு வேட்டி சால்வை கொடுத்தேன். இருந்தும் இன்னொருவனோடு கூட்டுச் சேர்ந்து தானே ஓர் அச்சகம் போட்டுவிட்டான். நன்றி கெட்டவன்!" என்றார்.

அந்தச் சொல் நமக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டிற்று. அவருக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்லுகின்றோம்.

வில்லியம் ஷொக்லி என்னும் அமெரிக்கப் பௌதிகவியலறிஞரின் பெயரை மேல்வகுப்பு மாணவர் அறிந்திருப்பர். இன்றைய கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் வித்தான திரான்சிஸ்டருக்காக 1956இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர். மற்றை இருவர் அவருடைய குழுவில் வேலை செய்த பார்டீனும் பிராற்றெயினும். 1947 டிசம்பரில் முதலாவது திரான்சிஸ்டரை இயக்கிக் காட்டியவர்கள் அந்த இருவரே. தமக்குக் கீழிருந்தோர் முந்திக்கொண்டது ஷொக்லிக்குப் பொறுக்கவில்லை. அடுத்த கட்ட ஆராய்ச்சியிலிருந்து அவர்களை ஒதுக்கினார். 1951இல் விலகிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பார்டீன், 1972இல் இரண்டாம் முறையும் பௌதிகவியலுக்கே நோபல் பரிசு பெற்றார்.

1956இல் ஷொக்லி, பெக்மன் என்பவரின் முதலுடன் கலிபோர்னியாவில் ஆய்வுகூடம் ஆரம்பித்தார். ஆட்களைத் தெரிவதில் அவர் கெட்டிக்காரர். நாடெங்கும் தேடி மணிமணியான இளைஞரைச் சேர்த்தார். சேர்த்தவர்களை நம்பினாரில்லை. அவர்கள் கண்ட முடிவுகள் சரிதானா என்று தம் பழைய நிறுவனத்தாரைத் தொலைபேசியில் விசாரிப்பார். ஒரு நாள் கதவிலிருந்த ஏதோ கூரிய பொருள் ஊழியர் ஒருவரின் கையைக் கீறிவிட்டது. இது சதியேயென்று கொண்டு, பொய் கண்டறியும் கருவியாற் சோதிக்க வேண்டுமென நின்றார் ஷொக்லி. ஈற்றிற் பார்த்தால், அறிவித்தல் குத்தும் ஊசியொன்று தலை கழன்று நின்றிருக்கிறது! சிலிக்கன் திரான்சிஸ்டரைச் செய்வோமென்று இளைஞர் சொல்ல, அவரோ தாம் விரும்பிய வேறொரு கருவியின் பின்னே எல்லோரையும் இழுத்தார்.

அவர்களுட் சிலர் பெக்மனிடம் சென்று, நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி முறையிட்டனர். பயனில்லை. 1957 செப்டம்பரில் எண்மர் ஒருங்கே விலகி, ஃபெயார்சைல்ட் நிறுவனத்தின் துணையுடன் புதிய கம்பனி தொடங்கினர். 'துரோகிகள் எண்மர்' என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. ஷொக்லியின் கம்பனி இலாபத்தைக் காணாமலே 1960இற் கைமாறிற்று. துரோகிகளோ 1958இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு நூறு திரான்சிஸ்டர்களை ஒன்று 150 டொலர் வீதம் விற்றார்கள்.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் முதலாளிமாருக்குப் பாடம் இலகுவாயிருந்திருக்கும். எண்மருள் ஒருவரான நொய்ஸ் இளையோர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர். ஆயினும் அவருடைய நிர்வாகத்திலிருந்தும் திறமைசாலிகள் ஒருவர் பின் ஒருவராய்ப் போயினர். உழைப்பு கலிபோர்னியாவில், தீர்மானமும் இலாபமும் நியூயோர்க்கிலிருந்த தாய்க் கம்பனியிடம். பின்வந்த பொறியியலாளருக்குப் பங்கு கொடுக்க அங்கே மனம் வரவில்லை. 1968இல் நொய்ஸும் அவர் தோழர் மூரும் தாமே விலகி இன்ரெல் கம்பனியைத் தொடங்கினர். அங்கே பொறியியலாளருக்கு ஆரம்பத்திலேயே பங்குரிமை வழங்கினார்கள்.

ஷொக்லியைப் பழித்துவிட்டு நாம் தப்பிக்கொள்ள முடியாது. ஒருமுறை, கரும்பலகை நிறைய நாம் செய்த கணக்கைப் பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் நாலே வரியிற் செய்து காட்டினான். நமக்கு முதலில் வந்தது மகிழ்ச்சியன்று. வழி காட்டவில்லையென்று இரண்டு புள்ளி குறைத்தோம். அதன்பின் அவன் வகுப்பிற் கை உயர்த்தியதை நாம் காணவில்லை.

நண்பர் பேசாதிருந்தார். "புதிய யந்திரத்தை அந்தப் பையனிடம் கேட்டா வாங்கினீர்?" என்றோம்.

"அவனிடம் என்னத்துக்குக் கேட்பது, சேர்? காசு என்னுடையது" என்றார் சட்டென்று. சிறிது பொறுத்து, "இது எங்கள் வேலைக்குச் சரிவராது என்று அவன் சொன்னான்தான்" என்றார். யந்திரம் இப்போது சீலை போர்த்தபடி நிற்கின்றதாம்.

படலையடியிற் சென்றவர் திரும்பினார். "பக்கம் அமைக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். காலையில் ஏதோ சொல்ல வந்தாள், நான் வேலையாயிருந்தேன்."

அப்போது மணி ஐந்தரை. அச்சகம் பூட்டுவது ஆறுக்கு. ஊற்றி வைத்த தேநீரையும் குடியாமல் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.