சனிக்கிழமைக் குறிப்புகள் - 9: டம்மி தோட்டாவும் ஒரு ஸ்டாப்பும்

போன வாரம் துணி துவைக்கிற கதையைச் சொல்லி உங்களைக் கொட்டாவி விட வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. இந்த வாரம் கொஞ்சம் சத்தமான மேட்டர். துப்பாக்கி. அம்மா இதைப் படிச்சா பயப்பட வேண்டாம், சுடறது வெறும் அட்டையைத்தான் :-)

நான் டெக்ஸாஸ்ல குப்பை கொட்ட ஆரம்பிச்சு இது மூணாவது வருஷம். லேப்ல என் பக்கத்து சீட்டுக்காரனோட அப்பா ஒருத்தர் இருக்கார். தபால் ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இங்கே அவரைப் 'பெரியவர்'னு சொல்லிக்கறேன். ஊருக்கு வெளியே ஒரு சுடுதளத்துல அவர் மெம்பர். மாசம் ரெண்டு சனிக்கிழமை என்னையும் என் ரூம்மேட்டையும் கூட்டிட்டுப் போவார். ரூம்மேட் எனக்கு ரெண்டு வருஷம் ஜூனியர், தூத்துக்குடிப் பக்கம். வாயைத் திறந்தா 'அண்ணா'தான். இந்த 'அண்ணா' பின்னாடி கதையில வரும், ஞாபகம் வச்சுக்கங்க.

கதைக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கறதே இங்கே மத்திய அரசு சட்டப்படி குற்றம். 1998-ல கொண்டு வந்த விதி இது. சொந்தமா வாங்கறது மட்டும் இல்ல, ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்து அஞ்சு நிமிஷம் பிடிச்சாலும் கணக்குதான். சட்டத்துல சில விலக்கு உண்டு. மாணவர்களுக்குப் பொதுவா உதவறது வேட்டை லைசென்ஸ். டெக்ஸாஸ்ல 1971 செப்டம்பர் 2-லயோ அதுக்குப் பிறகோ பிறந்தவங்க வேட்டையாடப் பொதுவா ஒரு பாதுகாப்பு வகுப்பு முடிக்கணும். 17 வயசு தாண்டினவங்க அதை இணையத்துலயே முடிச்சுக்கலாம். லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓட காலாவதி, மறுபடி எடுக்கணும். ஒரு மானைக்கூட கண்ணால பார்க்காத நாங்க ரெண்டு பேரும் இதனாலதான் லைசென்ஸ் வச்ச வேட்டைக்காரர்கள். யூனிவர்சிட்டி விதிகள் தனி, மாநில விதிகள் தனி. போறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க. ஒரு சனிக்கிழமை ஜாலிக்காக விசாவைத் தொலைச்சுடாதீங்க.

சரி, இப்ப ஒரு கொசுவத்தி. காலேஜ்ல என்சிசி முகாம்ல படுத்துக்கிட்டு .22 ரைஃபிள்ல அஞ்சு தோட்டா சுட்டிருக்கேன். அஞ்சுல நாலு ஒரு உள்ளங்கை அகலத்துக்குள்ள விழுந்துச்சு. அந்தப் பெருமையை ஏழு வருஷமா அடைகாத்து வச்சிருந்தேன். பெரியவர்கிட்டயும் சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லாம ஒரு 9 மி.மீ பிஸ்டலைக் குடுத்து அஞ்சு கஜத்துல ஒரு அட்டையை மாட்டினார். பத்து சுட்டேன். பாதி இடது பக்கம் கீழே, ரெண்டு அட்டையிலயே இல்ல. அஞ்சு கஜம்ங்க! நம்ம ஊர்ல கல்லை விட்டெறிஞ்சாலே பட்டிருக்கும்.

ஏன்னு அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரைஃபிள்ல முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல நிறைய தூரம். பிஸ்டல்ல அது சுமார் 15 செ.மீ. முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினா ஏழு மீட்டர் தள்ளி கிட்டத்தட்ட அஞ்சு செ.மீ விலகும். சைட்டைச் சரியா வச்சிட்டு, டிரிக்கரை அழுத்தற நேரத்துல கை ஒரு மில்லிமீட்டர் ஆடினா போச்சு.

என் கை ஆடுதுங்கறதை நான் நம்பவே இல்லை. அப்பத்தான் பெரியவர் டம்மி தோட்டாவை எடுத்தார். பார்க்க அசல் மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து கிடையாது. அவர் திரும்பி நின்னு மேகசீன்ல ஆறு அசலும் நாலு டம்மியும் கலந்து போட்டுக் குடுத்தார். எது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. ரெண்டு அசல் 'டமார்' 'டமார்'னு போச்சு. மூணாவது 'டிக்'. வெடிக்கலை. ஆனா துப்பாக்கி மூக்கு ஒரு இஞ்ச் தலையைக் குனிஞ்சு வணக்கம் போட்டுச்சு. வெடிக்காத துப்பாக்கி எதுக்குக் குனியணும்? குனிஞ்சது அது இல்ல, நான். நாலு டம்மிக்கும் நாலு வணக்கம். ரூம்மேட் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான்.

இதுல ஒரு விஷயம். தோட்டா நகர ஆரம்பிச்சு குழாயை விட்டு வெளியே போக சுமார் அரை மில்லி செகண்ட்தான் ஆகும். மனுஷன் ஒரு சத்தத்தைக் கேட்டு அசையவே அதை விடப் பல மடங்கு நேரம் ஆகும். அதனால சத்தத்துக்குப் பயந்து குறி தப்பறதுங்கறது நடக்கவே முடியாது. சத்தம் வரப்போகுதுன்னு மனசுக்குத் தெரிஞ்சு, அது முன்கூட்டியே கையை அமுக்கிடுது. அசல் தோட்டா வெடிக்கறப்ப எல்லாமே குலுங்கறதால இது கண்ணுக்குத் தெரியாது. டம்மி வந்தாதான் மாட்டுவோம். அதையும் நாமளே போட்டுக்கிட்டா பலன் பாதிதான். இன்னொருத்தர் போட்டுத் தரணும். துப்பாக்கி கத்துக்க நண்பன் எதுக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

அதுக்கப்புறம் நாங்க செய்யறது இதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் பெரியவர் கராஜ்ல காலித் துப்பாக்கி. தோட்டா ஒண்ணுகூட அங்கே இருக்கக் கூடாது, எல்லாம் வீட்டுக்குள்ள பூட்டி இருக்கும். காலியான்னு மூணு பேரும் தனித்தனியா பார்ப்போம். அப்புறம் வெறும் சுவரைப் பார்த்து, குறியே இல்லாம, முன் சைட்டை மட்டும் கவனிச்சுக்கிட்டு டிரிக்கரை மெதுவா அழுத்தணும். சைட் அசையக் கூடாது. ரூம்மேட் ஒரு ரூபாய் நாணயத்தை அதும்மேல வைப்பான். விழாம இருபது தடவை. முதல் வாரம் அந்த நாணயம் கராஜ் முழுக்க உருண்டுச்சு.

சனிக்கிழமை ரேஞ்ச்ல முதல்ல அஞ்சு கஜத்துல நிதானமா அஞ்சு தோட்டா. எங்கே பட்டுதுங்கறதை விட, அஞ்சும் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு கிட்டன்னு பார்க்கணும். அப்புறம் டம்மி கலந்த மேகசீன். அப்புறம் ஒரு தாள்ல ரெண்டு இஞ்ச் வட்டம் பத்து, மூணு கஜத்துல மொத்தம் அம்பது தோட்டா. படிக்கறப்ப சின்னப் புள்ளைங்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஒரு கையால சுடற வட்டம் வர்றப்ப தெரியும் சேதி. நம்ம ஹீரோக்கள் ஓடற ஜீப்புல இருந்து ஒத்தைக் கையில சுடறதை நினைச்சு சிரிச்சுக்குவேன்.

கடைசியாத்தான் டைமர். போட்டிகள்ல கணக்கு எப்படின்னா, எடுத்த பாயிண்ட்டை எடுத்துக்கிட்ட நேரத்தால வகுக்கணும். 9 மி.மீ-க்கு நடு வட்டாரம் 5, அடுத்தது 3, ஓரம் 1. அட்டையில படாமப் போனா 10 கழிச்சுடுவாங்க. ஆறு தோட்டாவும் நடுவுல, ஆறு செகண்ட்னா 30-ஐ 6-ஆல வகுத்து 5. அவசரப்பட்டு நாலு செகண்ட்ல மூணு நடுவுல, ரெண்டு அடுத்ததுல, ஒண்ணு காத்துலன்னா 21-ல 10 போக 11, அதை 4-ஆல வகுத்தா 2.75. ரெண்டு செகண்ட் மிச்சம் பிடிச்சு பாதி மார்க்கைத் தொலைச்சாச்சு. செமஸ்டர் பரீட்சையில நான் செய்யறதும் இதேதான், ஹிஹி.

இப்ப அந்த 'அண்ணா' மேட்டர்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு சனிக்கிழமை. டைமர் ஓடிக்கிட்டு இருக்கு. நாலாவது தோட்டா சுட்டதும் காலிக்கூடு வெளியே போகாம மேலே மாட்டிக்கிச்சு. 'என்னடா இது, பாரு'ன்னு நான் இடது பக்கம் திரும்பினேன். உடம்போட சேர்ந்து துப்பாக்கியும் திரும்புச்சு. விரல் டிரிக்கர் கிட்டவே இருந்துச்சு. இடது பக்கம் நின்னது ரூம்மேட்.

அவன் பார்த்துட்டான். ஒரு அடி பின்னாடி வச்சான். 'அண்ணா... அது வந்து...'ன்னான். அவ்வளவுதான் வாய்ல வந்துச்சு. அதுக்குள்ள பெரியவர் 'ஸ்டாப்'னு போட்ட சத்தத்துல நான் அப்படியே உறைஞ்சு போனேன். குழாயை மண்மேட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார், மேகசீனைக் கழட்டச் சொன்னார், மேசையில வைக்கச் சொன்னார். அன்னைக்குக் கதை முடிஞ்சது. போட்டியா இருந்தா அந்த நிமிஷமே வெளியே அனுப்பியிருப்பாங்க.

எனக்கு விழுந்த திட்டு எதிர்பார்த்ததுதான். ஆனா பெரியவர் ரூம்மேட்டையும் விடலை. 'நீ எனக்கு முன்னாடியே பார்த்தியே, ஏன் கத்தலை?'ன்னு கேட்டார். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'அவர் எனக்கு சீனியர்'னான். பெரியவருக்கு அது புரியவே இல்லை. எனக்கு நல்லாப் புரிஞ்சது. அதுதான் ரொம்ப சங்கடமா இருந்துச்சு. இந்தக் கோட்டுல நிக்கற யாரு வேணா, முதல் நாள் வந்த சின்னப் பையன் உட்பட, 'ஸ்டாப்'னு சொல்லலாம், சொன்னா எல்லாரும் நிறுத்தணும், அதுக்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டாம்னார்.

காலையில கட்டிட்டுப் போன புளிசாதம் அப்படியே இருந்துச்சு. சாப்பிட மனசு வரலை. (ரேஞ்ச்ல கையால சாப்பிடற நம்மாளுங்க கவனத்துக்கு: சுட்டதும் கையில ஈயத்தூள் இருக்கும். கை, முகம் சோப்பு போட்டுக் கழுவாம பொட்டலத்தைப் பிரிக்காதீங்க.) ராத்திரி ரூம்ல தோசை வார்த்துக்கிட்டே அவன் சொன்னான்: 'அண்ணா, துப்பாக்கியைப் பார்த்து நான் பயப்படலை. உங்களைக் கத்தினா நீங்க என்ன நினைப்பீங்கன்னுதான் யோசிச்சேன்.' எனக்குத் தோசை இறங்கலை. அவனை 'அண்ணா'ன்னு கூப்பிட வச்சுச் சுகமா இருந்தது நான்தானே? பாத்திரம் கழுவற முறையை அவன் தலையில கட்டினது வரைக்கும் ஞாபகம் வந்துச்சு.

அடுத்த வியாழக்கிழமை கராஜ்ல புதுப் பயிற்சி ஒண்ணு சேர்த்தோம். நான் காலித் துப்பாக்கியை வச்சு வழக்கமானதைச் செய்வேன். நடுவுல எப்ப வேணா ரூம்மேட் 'ஸ்டாப்'னு கத்தணும். நான் அப்படியே நிக்கணும், விரல் வெளியே, குழாய் சுவர் பக்கம். 'அண்ணா' சேர்க்கக் கூடாது. முதல் மூணு தடவை அவன் குரல் தொண்டையிலயே நின்னுச்சு, லைப்ரரியில பேனா கேக்கற மாதிரி. நாலாவது தடவை பக்கத்து வீட்டு நாய் குரைச்சது. பெரியவர் கை தட்டினார்.

போன சனிக்கிழமை நான் மேசையில மேகசீனைச் சொருகற நேரம். பெரியவர் ஏதோ நினைப்புல, கோட்டுக்கு முன்னாடி விழுந்து கிடந்த காலிக்கூட்டை எடுக்கக் குனிஞ்சு ஒரு கால் வச்சுட்டார். நான் கவனிக்கலை.

'ஸ்டாப்!'

காதுல மாட்டியிருந்த மஃபைத் தாண்டிக் கேட்டுச்சு. நான் அப்படியே நின்னேன். பெரியவரும் குனிஞ்ச வாக்குலயே நின்னார். துப்பாக்கி மேசைக்குப் போச்சு, மேகசீன் வெளியே வந்துச்சு. பெரியவர் பின்னாடி வந்து நிமிர்ந்து, ரூம்மேட் தோளைத் தட்டி 'தேங்க்யூ'ன்னார். எழுபது வயசுக்காரரைப் பார்த்துக் கத்திட்டோமேன்னு அவனுக்கு உதறல் நிக்க அரை மணி நேரம் ஆச்சு.

அன்னைக்கு என் கணக்கு: நாலு டம்மிக்கு ஒரே ஒரு வணக்கம். அந்த ஒண்ணையும் கண்டுபிடிச்சு 'குனிஞ்சீங்க'ன்னு சொன்னது அவன்தான். இந்தத் தடவை 'அண்ணா' போடலை.

பாத்திரம் கழுவறது இப்ப வாரத்துக்கு ஒருத்தர். இந்த வாரம் என் முறை, அதனால இத்தோட நிறுத்திக்கறேன். அடுத்த சனிக்கிழமை பார்ப்போம்.