கோனான் பார்க்கும் பிள்ளையைத் தடுக்கலாமா?



மாணவர்களின் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றோரிடம் ஒப்படைத்த நாளன்று, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் என்னிடம் ஒரு முறையீட்டை வைத்தார். "டீச்சர், இவன் எந்நேரமும் ஜப்பான் கார்ட்டூன்தான் பார்க்கிறான். அதுவும் கொலைக் கதை. நான் சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்" என்றார். பையன் தலையைக் குனிந்தபடி நின்றான். என்ன படம் என்று கேட்டேன். "கோனான், டீச்சர். லண்டன் கதை" என்றான் மெல்லிய குரலில்.

நான் பார்த்திராத ஒன்றைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அந்தத் தாயாருக்கு வாக்களித்தேன். அன்றிரவே பார்த்தேன். மறு வாரம் இன்னொரு முறையும் பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை. கதையின் முடிவையும் இங்கே சொல்லப் போகிறேன். முடிவைச் சொல்லாமல் என் கருத்தைச் சொல்ல இயலாது, பொறுத்தருள்க.

'டிடெக்டிவ் கோனான்' என்பது கோஷோ அவோயாமா என்னும் ஜப்பானிய ஓவியர் 1994இல் தொடங்கிய சித்திரக் கதைத் தொடர். 1996இல் அது தொலைக்காட்சிக்கு வந்தது. உயர்நிலைப்பள்ளியில் பயிலும் துப்பறிவாளன் ஒருவன், கொடியவர்கள் புகட்டிய மருந்தால் சிறுவனாகச் சுருங்கிவிடுகிறான். எடோகாவா ராம்போ என்ற ஜப்பானியத் துப்பறியும் எழுத்தாளரின் பெயரையும், ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனான் டாயிலின் பெயரையும் இணைத்துத் தனக்கு எடோகாவா கோனான் என்று பெயர் சூட்டிக்கொள்கிறான். இத்தொடரின் ஆறாவது திரைப்படம் 2002இல் வெளிவந்தது. அதுவே என் மாணவன் சொன்ன 'லண்டன் கதை'. பேக்கர் தெருவின் ஆவி என்பது அதன் தலைப்பின் பொருள். திரைக்கதையை எழுதியவர் ஹிசாஷி நொசாவா. இவர் 1997இல் எடோகாவா ராம்போ பரிசு பெற்ற நாவலாசிரியர்.

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு குழந்தை இறந்துவிடுகிறது. பத்து வயது ஹிரோகி, கணினியில் மேதை. பெற்றோர் பிரிந்தபின் தாயுடன் அமெரிக்கா சென்று, தாயையும் இழந்தவன். ஷிண்ட்லர் என்ற பெருஞ்செல்வர் அவனைத் தத்தெடுத்துக்கொள்கிறார். அவனுக்கென்று அறை உண்டு, கருவிகள் உண்டு, புகழ் உண்டு. விளையாட ஒரு தோழன்கூட இல்லை. மனிதரைப்போல் கற்று வளரும் 'நோவாவின் பேழை' என்ற செயற்கை நுண்ணறிவை உருவாக்கி, அதை வெளியுலகிற்கு அனுப்பிவிட்டு, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஜப்பானில் ஒரு புதிய மெய்நிகர் விளையாட்டு அறிமுகமாகிறது. நாட்டின் அதிகாரத்தில் உள்ளோரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பெரும்பாலாகக் கொண்ட ஐம்பது சிறுவர்கள் அதற்குள் நுழைகிறார்கள். அரங்கின் கீழ்த்தளத்திலோ ஹிரோகியைப் பெற்ற தந்தை குத்திக் கொல்லப்படுகிறார். இறக்கும் தறுவாயில் அவர் கணினி விசைப்பலகையில் விட்டுச்சென்ற மூன்று எழுத்துகள் 'ஜாக் தி ரிப்பர்' என்ற பெயரைச் சுட்டுகின்றன. அக்கணமே நோவாவின் பேழை விளையாட்டைக் கைப்பற்றுகிறது. ஊழல்வாதியின் பிள்ளை ஊழல்வாதியாகவே வளரும். ஆகவே இந்தத் தலைமுறையையே அழித்து ஜப்பானைப் புதிதாகத் தொடங்கப் போகிறேன் என்கிறது. ஒருவராவது இறுதிவரை தாக்குப்பிடித்தால் அனைவரும் பிழைப்பர். கோனானும் அவன் தோழர்களும் தேர்ந்தெடுக்கும் களம், 1888ஆம் ஆண்டின் விக்டோரியா கால லண்டன். அங்கே ஜாக் தி ரிப்பரைப் பிடிக்க வேண்டும். உதவி நாடி பேக்கர் தெருவுக்குச் சென்றால், ஹோம்ஸும் வாட்சனும் ஊரில் இல்லை.

இவ்வளவும் துப்பறியும் கதை. ஆனால், ஓர் ஆசிரியராக என்னை உலுக்கியது வேறொன்று.

அந்த விளையாட்டின் லண்டனில் ஜாக் தி ரிப்பர் யார்? தாயால் கைவிடப்பட்ட ஒரு தெருச்சிறுவன். அவனுடைய திறமையைக் கண்ட பேராசிரியர் மோரியார்ட்டி அவனை எடுத்து வளர்த்துக் கொலைஞனாக்குகிறார். வெளியுலகில் ஹிரோகியின் கதை என்ன? தாயை இழந்த சிறுவன். அவனுடைய திறமையைக் கண்ட செல்வர் அவனை எடுத்து வளர்த்து, இடையறாது வேலை வாங்குகிறார். ஒருவர் தீயவர், மற்றவர் கனவான். ஆனால், இருவரும் செய்தது ஒன்றே. பிள்ளையின் திறமையைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை பிறரைக் கொன்றது. மற்றொன்று தன்னையே அழித்துக்கொண்டது.

இந்தக் கதைக்கு விக்டோரியா கால லண்டன் பொருத்தமான களமே. ஆசிரியர்கள் இதை அறிந்திருப்பது நன்று. இங்கிலாந்தில் ஐந்து வயது முதல் பத்து வயது வரை பள்ளிக் கல்வி கட்டாயமானது 1880இல்தான். அதற்கும் முன்பே, 1862 தொடங்கி, பள்ளிகளுக்கான அரசு மானியம் மாணவர் வருகையையும் தேர்வு முடிவையும் பொறுத்து அமைந்தது. ஆய்வாளர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். பிள்ளை தவறினால் பள்ளிக்குப் பணம் குறையும். இதனால் ஆசிரியர்கள் புரிந்தாலும் புரியாவிட்டாலும் பாடத்தை மனப்பாடம் செய்வித்தார்கள். கவிஞரும் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவருமான மேத்யூ ஆர்னால்டு இம்முறையைத் தொடர்ந்து கண்டித்தார். அவர் மறைந்ததும் அதே 1888இல்தான். அம்முறை 1890களில்தான் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பிள்ளையை மதிப்பெண்ணாகப் பார்க்கும் பழக்கம் நேற்று தோன்றியதன்று.

படத்தில் எனக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. லண்டன் வைட்சேப்பல் பகுதியில் 1888 ஆகஸ்டு 31 முதல் நவம்பர் 9 வரை ஐந்து பெண்கள் கொல்லப்பட்டது உண்மை நிகழ்வு. கொலையாளி யாரென்று இன்றுவரை உறுதியாகவில்லை. செப்டம்பர் 8இல் கொல்லப்பட்டவர் ஆனி சாப்மன் என்ற ஏழைப்பெண். படமோ அவர் இடத்தில் ஒரு கற்பனைப் பெண்ணை வைத்து, பெற்ற மகனைக் கைவிட்டவளாக்கி, கொலைக்கு ஒரு காரணத்தையும் கற்பித்துவிடுகிறது. அந்த ஐவருள் சிலர் பிள்ளை பெற்ற தாய்மார்கள், வறுமையில் உழன்றவர்கள். கொலைகாரனின் பெயர் உலகெங்கும் வழங்குகிறது. கொலையுண்டோரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? படம் பார்க்கும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும்.

மற்றொரு கருத்தும் கவனத்திற்குரியது. ஷிண்ட்லர் கொலை செய்வது, தாம் ஜாக் தி ரிப்பரின் வழித்தோன்றல் என்ற இரகசியத்தை மறைப்பதற்காக. நோவாவின் பேழையும் பிறப்பை வைத்தே பிள்ளைகளுக்குத் தண்டனை விதிக்கிறது. குடும்பத்தை வைத்துப் பிள்ளையை எடைபோடும் இந்தத் தவற்றை ஆசிரியர் அறையிலும் நாம் கேட்டிருக்கிறோம். "இவன் அண்ணனும் இப்படித்தான்" என்ற ஒரு வாக்கியம் போதும். படம் இதற்கு நல்ல விடை தருகிறது. தொடக்கத்தில் செருக்குடன் திரிந்த பணக்காரச் சிறுவர்கள், தமக்காகப் பிறர் ஆட்டத்தை இழப்பதைக் கண்டு மனம் மாறுகிறார்கள். பிள்ளைகள் மாறக்கூடியவர்கள் என்பதைப் பேழையும் ஏற்றுக்கொள்கிறது.

இறுதியில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. அந்தச் சிறுவர்களுள் ஒருவனுடைய உருவில் இருந்தது உண்மையில் நோவாவின் பேழை. ஹிரோகியின் மனத்தைத் தாங்கிய அது கோனானிடம் சொல்வதன் சாரம் இதுவே: எனக்கும் மற்றப் பிள்ளைகளோடு விளையாட ஆசையாக இருந்தது.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். யூ.பி.எஸ்.ஆர் தேர்வு நடப்பிலிருந்த காலத்தில், நானும் உடற்கல்விப் பாடவேளையை எடுத்துக்கொண்டு பயிற்சித் தாள்களைக் கொடுத்தவள்தான். ஒரு மாணவன் சன்னல் வழியாகத் திடலையே பார்த்துக்கொண்டிருப்பான். "எழுது" என்று அதட்டியிருக்கிறேன். பயிற்றுக் கல்லூரியில் நான் படித்த குழந்தை உளவியல் அப்போது நினைவுக்கு வரவில்லை. அவன் நல்ல தேர்ச்சிதான் பெற்றான். ஆயினும், அவன் முகத்தை நினைத்தால் எனக்கு அந்தத் தேர்ச்சி நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சன்னல்தான் வருகிறது. 2021இல் தேர்வு அகற்றப்பட்டது. தேர்வுக்காக நாம் பழகிய பழக்கம் அகன்றதா?

ஆகவே பெற்றோருக்கு என் கருத்து இதுதான். இப்படம் சிறு பிள்ளைகளுக்கு உரியதன்று. கீழ்நிலை மாணவர்களுக்குக் காட்ட வேண்டாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளை பார்க்க விரும்பினால் தடுக்க வேண்டாம். ஆனால் தனியே விடவும் வேண்டாம். உடன் அமருங்கள். ஹிரோகியின் மரணம் வரும்போது மௌனமாகக் கடந்துவிடாமல், "உனக்கு எப்போதாவது இப்படித் தாங்க முடியாமல் இருந்தால் என்னிடம் சொல்வாயா?" என்று கேளுங்கள். விடைக்காகக் காத்திருங்கள். கண்டிப்பினால் கிடைக்காத ஒரு வாசல் அங்கே திறக்கக்கூடும்.

அந்த மாணவனை அழைத்து, படத்தில் எந்த இடம் பிடித்தது என்று கேட்டேன். கொலையைச் சொல்வான், இரயில் காட்சியைச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "கடைசியில் அந்தப் பையன் விளையாட ஆசைப்பட்டேன் என்று சொல்வானே, அதுதான் டீச்சர்" என்றான். வாரத்தில் எத்தனை நாள் டியூசன் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். ஒரு கை போதவில்லை.

அந்தத் தாயாருக்குச் சொன்ன வாக்குப்படி தொலைபேசியில் பேசினேன். படத்தை நிறுத்த வேண்டாம், ஒரு டியூசனை நிறுத்துங்கள் என்றேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவன் அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன், டீச்சர்" என்றார்.

காத்திருக்கிறேன். அதுவரை, என் வகுப்பின் உடற்கல்விப் பாடவேளையை எவருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எனக்கே கூட.