கணக்கை முன்னாடியே காட்டுங்கள்

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றார். எங்கள் பெரியபாளையத்திலிருந்து கம்பெனி பஸ் பிடித்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போகிற ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பமும் அந்தக் கணக்கில் உண்டு. மாசம் 15,000 வாங்குகிறவர் ஒரு வருஷச் சம்பளத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் அடையாத கடன் அது. அவரிடம் அதை எப்போது சொன்னார்கள்? ஓட்டுப் போட்டு முடித்த பிறகு.

2001இல் திமுக தோற்றதும் அதிமுகவின் பொன்னையன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 2021இல் அதிமுக தோற்றதும் திமுக வெளியிட்டது. இரண்டுமே அடுத்தவன் வைத்துவிட்டுப் போன கடனைப் பற்றியவை. தன் கணக்கைத் தானே, அதுவும் தேர்தலுக்கு முன்னால், இப்படி விரித்துவைக்க யாருக்கும் மனசு வராது.

ஏன் வராது என்பதை அல்பெர்டோ அலெசினாவும் குய்டோ தபெலினியும் 1990இல் வெளியான ஆய்வில் விளக்கினார்கள். மறுபடி ஜெயிப்போமா என்று தெரியாத அரசு, தனக்குப் பிடித்த செலவை இன்றைக்கே கடன் வாங்கிச் செய்துவிடும். பில் வரும்போது நாற்காலியில் எதிரி இருக்கலாம். கை கட்டப்படுவது அவனுக்குத்தான். தோற்கும் வாய்ப்பு கூடக்கூட, கடன் வாங்கும் ஆசையும் கூடும். இதற்குக் கெட்டவர்கள் தேவையில்லை, சாதாரண மனிதர்களே போதும்.

கோடு எழுதுகிற எங்களுக்கு இது புதுசா என்ன? ரிலீஸ் தேதிக்குள் எதையோ ஒப்பேற்றியவர் நல்ல அப்ரைசலோடு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அதைச் சரிசெய்கிறவன் வேறொருத்தன்.

‘எல்லாம் இலவசத்தால் வந்த வினை’ என்று உடனே சிலர் கிளம்புவார்கள். பெண்கள் டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் போவது தப்பே இல்லை. அதற்கு யார், எப்போது பணம் கட்டப்போகிறார்கள் என்பதை மறைப்பதுதான் தப்பு. ‘கடன் வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்பார்கள் இன்னும் சிலர். இருக்கட்டும். அப்படியானால் தேர்தலுக்கு முன்னால் அதைச் சொல்ல என்ன பயம்?

ஆஸ்திரேலியாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேர்தல் ஆணை பிறந்த 10 நாளுக்குள் நாட்டின் நிதிநிலை அறிக்கை வந்தாக வேண்டும். அதை வெளியிடுவது அமைச்சர்கள் அல்ல, கருவூலத் துறை, நிதித் துறைச் செயலாளர்கள். நம்மிடமும் 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இருக்கிறது. அதில் இப்படி ஒரு பிரிவைச் சேர்க்க ஒரு பைசா செலவில்லை.

எந்தக் கட்சி எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தாலும், முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: உங்கள் வெள்ளை அறிக்கை எங்கே?