முதலில் கடதாசி, பிறகு பெட்டி



எங்கள் வகுப்பு வரவுப் பதிவேட்டில் தவணைக்கு ஒரு தடவையாவது இந்தக் காரணம் வரும்: "வாப்பாட பெட்டி எடுக்கக் கொழும்புக்குப் போன." போக ஏறக்குறைய 300 கிலோமீற்றர், வர அதேயளவு. பிள்ளைக்கு இரண்டு நாள் பாடம் இல்லை. நாங்கள் ஏசுவதில்லை. பல வருடம் காத்திருந்த பெட்டி அது.

ஆனால் வளைகுடாவில் வேலை முடித்து வரும் எங்கள் நானாமாரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டி கட்டுவதற்கு முன் கணக்குப் பாருங்கள்.

கப்பலில் அனுப்பும் பொதிக்குப் பெரும்பாலும் இடத்துக்குத்தான் காசு, கன மீற்றர் கணக்கில். நீளம், அகலம், உயரம் 60 சென்ரிமீற்றர் உள்ள பெட்டி நான்கரைக்குச் சற்று மேல் சேர்ந்தால் ஒரு கன மீற்றர். ஒரு சோபா எத்தனை பெட்டியின் இடத்தைப் பிடிக்கும் என்று யோசியுங்கள். அதற்கு மேல் சுங்க வரி, லொறிக் கூலி.

சவூதியிலிருந்து வருபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. அங்குள்ள மின்சாரத்துக்கென்றே செய்த குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் இங்கே சரியாக ஓடாது, மோட்டர் சூடேறும். பின்பக்க லேபிளை வாசித்துவிட்டுக் கட்டுங்கள். 50/60 என்று இல்லாவிட்டால் அங்கேயே விற்றுவிடுவது நல்லது.

எங்கள் அயலில் ஒரு நானா, 14 வருடம் ரியாத்தில் ஏசி மெக்கானிக். ஏழு பெட்டி வந்தது. சேவைச் சான்றிதழ் வரவில்லை. சவூதித் தொழிற்சட்டப்படி கம்பனித் தொழிலாளிக்கு முதல் 5 வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதன் பிறகு வருடம் ஒரு மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். 14 வருடத்துக்குப் பதினொன்றரை மாதச் சம்பளம். அவர் கேட்கவே இல்லை. டிக்கெட்டும் பெட்டியும் அவசரமாக இருந்தன. இப்போது அனுபவத்தைக் காட்டி என்விகியூ சான்றிதழ் எடுக்கலாம் என்றால், அனுபவத்துக்குக் கையில் எழுத்து இல்லை.

"அப்ப வெறுங்கையோடயா வரச் சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். இல்லை. இல்லாதிருந்த வருடங்களுக்குப் பதிலாகத்தான் ஒரு வாப்பா அந்தப் பெட்டியைக் கட்டுகிறார். அது எங்களுக்கு விளங்கும். பிள்ளைக்கு உடுப்பு, உம்மாவுக்குப் போர்வை கொண்டுவாருங்கள். ஆனால் வரிசை மாறக் கூடாது.

இந்த வரிசையை எங்கள் ஊர் ஏற்கெனவே கற்ற ஊர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னார்த் தீவு முஸ்லிம்கள் தோணிகளில் கல்பிட்டிக்குப் போனார்கள். கையில் எடுத்ததுதான் மிஞ்சியது. எங்களில் பலர் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தவர்கள். பல வருடம் கழித்துத் திரும்பியபோது எந்த வீட்டிலும் பழைய அலுமாரியைத் தேடி அழவில்லை. காணி உறுதியைத்தான் தேடினார்கள். அதைச் சீலையில் சுற்றிக் காப்பாற்றிய உம்மம்மாமாரின் பிள்ளைகள் தங்கள் வளவைக் காட்ட முடிந்தது. மற்றவர்கள் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்தார்கள்.

அன்று எங்களுக்கு அவகாசம் தரப்படவில்லை. உங்களுக்கு இருக்கிறது. சேவைச் சான்றிதழ், கடைசிச் சம்பளக் கணக்கு, சேவைமுடிவுப் பணம், பிள்ளை அங்கே படித்திருந்தால் விடுகைப் பத்திரம். இவை கைப்பையில் வரட்டும், கப்பலில் அல்ல.

போகும் நாள் குறித்த யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இன்றிரவே கோல் எடுத்துச் சொல்லுங்கள்.